சட்டப்படி தப்பில்லை, சரி. அதற்காக?

சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் நாலு பேர் ஒரு இடத்தில் சேர்ந்தால் கொஞ்ச நேரம் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள், மீதி நேரமெல்லாம் அங்கே இல்லாத ஐந்தாவது ஆளைப் பற்றித்தான். ரேடியோவில் என்ன உளறினார், எங்கே கொண்டுபோய் நிறுத்தினார், எப்படித் தொபுக்கென்று இறக்கினார். இந்தப் புலம்பலில் நானும் சளைத்தவன் இல்லை. ஆனால் இதையெல்லாம் கேட்டுக் கேட்டு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது, நாம் அதிகமாகத் திட்டுவது பெரிய கெடுதல் செய்யாத ஆட்களைத்தான். நிஜமாகவே திட்டு வாங்க வேண்டியவர் வேறு ஒருவர். எதைக் கேட்டாலும் "சட்டப்படி தப்பில்லையே" என்று பதில் சொல்கிறவர்.

அவர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். பிரச்சினையே அதுதான்.

பறக்காதவர்களுக்காக ஒரு விளக்கம். பெரிய விமான நிலையத்தில் டவரில் ஒருவர் உட்கார்ந்து நீ இப்போது இறங்கு, நீ காத்திரு என்று சொல்வார். சின்ன ஓடுதளங்களில் டவர் கிடையாது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள், பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் அங்கே சுமார் 5,000, டவர் உள்ளவை அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மற்ற இடங்களில் யார் முதலில் இறங்குவது என்று சொல்ல ஆளில்லை. எல்லோரும் ஒரே அலைவரிசையில் "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இதைச் செய்யப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும், மற்றவர் சொல்வதைக் கேட்க வேண்டும், அதைவிட முக்கியமாகக் கண்ணாடிக்கு வெளியே பார்க்க வேண்டும். சட்டம் அங்கே மிகக் கொஞ்சம்தான் பேசுகிறது. மீதி முழுக்கப் பழக்கம்.

அந்தப் பழக்கத்தில் முக்கியமானது சர்க்யூட். ஓடுதளத்தை ஒரு பக்கமாக வைத்து, பொதுவாக 1,000 அடி உயரத்தில், ஒரு நீள்சதுரமாகச் சுற்றி வந்து இறங்குவது. வேறு மாதிரி அறிவிப்பு இல்லாவிட்டால் எல்லாத் திருப்பமும் இடது பக்கம். காற்றோடு போகும் நீளமான பக்கம் டவுன்விண்ட், அப்புறம் ஓடுதளத்தை நோக்கித் திரும்பும் குறுகிய பக்கம் பேஸ், கடைசியில் ஓடுதளத்துக்கு நேராக இறங்கி வரும் பகுதி ஃபைனல். இப்படி எல்லோரும் ஒரே பாதையில் வந்தால் எதிரே யார் வருவார்கள், எங்கே தேட வேண்டும் என்று தெரியும். இப்போது நம்ம ஆள் பத்து மைல் தூரத்திலிருந்தே நேராக ஃபைனலுக்கு வருகிறார். சர்க்யூட்டில் மூன்று பேர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதில் ஒருவர் தனியாகப் பறக்கும் மாணவர். இவர் ரேடியோவில் "நேராக வருகிறேன்" என்று அறிவித்துவிட்டார், அவ்வளவுதான், மற்றவர்கள் ஒதுங்க வேண்டும் என்ற எண்ணம். நேராக வருவது குற்றமா? இல்லை. யாருமில்லாத நேரத்தில் நானும் வருவேன். ஆள் இருக்கும்போது வருவதுதான் விஷயம்.

2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவில் வாட்சன்வில் என்ற இடத்தில் நடந்தது இதுதான். டவர் இல்லாத ஓடுதளம். இரண்டு பேர் உட்காரும் சின்ன செஸ்னா 152 ஒன்று சர்க்யூட்டில் சுற்றிக்கொண்டிருந்தது, ஒருவர்தான் அதில் இருந்தார். இரட்டை எஞ்சின் செஸ்னா 340 நேர் வழியில் வந்தது. இரண்டு விமானங்களிலிருந்தும் ரேடியோவில் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் பெரியது வந்த வேகம் சுமார் 180 நாட் (மணிக்குச் சுமார் 330 கிலோமீட்டர்), அந்த விமானம் வழக்கமாக இறங்க வரும் வேகத்தைவிட மிக அதிகம், சின்னது இறங்கும் வேகத்தைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இவ்வளவு வேகமாக வருகிறாரே என்று சின்ன விமானத்தில் இருந்தவர் உணர்ந்து, இறங்காமல் மேலே ஏறிப் போகிறேன் என்று சொன்ன கொஞ்ச நேரத்தில் இரண்டும் மோதின. மூன்று பேரும் போய்விட்டார்கள். ரேடியோவில் மைல் கணக்குச் சொன்னால் கேட்பவர் தனக்குப் பழகிய வேகத்தில்தான் கணக்குப் போடுவார். மூன்று மைல் என்று கேட்டதும், நமக்கு முன்னால் இறங்க நேரம் இருக்கிறது என்று மாணவர் நினைத்தால் அது மாணவர் தவறு இல்லை.

இதற்கு நேர் எதிர் ரகம் ஒன்று உண்டு. சர்க்யூட்டைச் சின்ன விமானத்தில் ஜெட் மாதிரி அகலமாகச் சுற்றுகிறவர். டவுன்விண்டில் அவருக்கு ஓடுதளமே கண்ணுக்குத் தெரியுமா என்று சந்தேகமாக இருக்கும். ஒற்றை எஞ்சின் விமானம், அந்த எஞ்சின் நின்றால் சறுக்கிக்கொண்டாவது ஓடுதளம் வந்து சேர வேண்டும் என்பதுதான் நெருக்கமாகச் சுற்றுவதன் காரணமே. அவர் போவதால் பின்னால் வருகிற எல்லோரும் அதே தூரம் போக வேண்டியிருக்கிறது. பின்னால் வருகிறவருக்குப் பொறுமை போய், உள் பக்கமாகத் திரும்பி முந்திவிடுகிறார். கேட்டால் "நான் கீழே இருந்தேன், கீழே இருப்பவருக்குத்தான் முன்னுரிமை" என்பார். அமெரிக்கச் சட்டத்தில் அந்த விதி இருக்கிறது, உண்மை. ஆனால் அதே விதியின் அடுத்த பாதியை யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது. இந்த முன்னுரிமையை வைத்துக்கொண்டு, இறங்கிக்கொண்டிருக்கும் இன்னொருவருக்குக் குறுக்கே புகவோ அவரை முந்தவோ கூடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. சட்டம் எழுதினவருக்கே இந்த ஆளை நன்றாகத் தெரிந்திருக்கிறது!

சரி, ரேடியோவுக்கு வருவோம்.

விமானிகளைக் கேட்டால் முதல் எரிச்சலாகச் சொல்வது ஒரு வாக்கியத்தைத்தான். ஓடுதளத்தை நெருங்கும்போது "இந்தப் பக்கம் இருக்கிற எல்லோரும் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்" என்று கேட்பது. அமெரிக்க விமானத் துறையின் கையேடு இதை எந்தச் சூழ்நிலையிலும் சொல்லாதீர்கள் என்றே அச்சிட்டு வைத்திருக்கிறது. பத்து நிமிடமாக அலைவரிசையில் எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், இவர் கேட்கவில்லை, இப்போது வந்து எல்லோரையும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வைக்கிறார். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் கீச்சென்று ஒரு சத்தம்தான் வரும். விமான ரேடியோ இன்னமும் பழைய ஏஎம் முறையில் இருப்பதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம் என்பது சுவாரசியமான விஷயம். எஃப்எம்மில் பலமான குரல் மற்றதை அப்படியே விழுங்கிவிடும், இன்னொருவர் பேசினார் என்றே தெரியாது. ஏஎம்மில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்றாவது தெரியும்.

எனக்கு இந்த வாக்கியம் எரிச்சல்தான், ஆனால் தன் பெயரைச் சொல்லாமல் பேசுகிறவர்தான் எனக்குப் பயம். "பேஸில் இருக்கிறேன்." யார்? எந்த ஊரில்? ஒரே அலைவரிசையைப் பல ஓடுதளங்கள் பகிர்ந்துகொள்கின்றன, உயரத்தில் இருந்தால் தூரத்து ஊர்க் குரலெல்லாம் கேட்கும். ஊர்ப் பெயரை முதலிலும் கடைசியிலும் இரண்டு தடவை சொல்லச் சொல்வது அலங்காரத்துக்கு இல்லை. 1996 நவம்பர் 19, இல்லினாய் மாநிலம் குவின்சி. அதுவும் டவர் இல்லாத இடம். பயணிகளோடு பீச் 1900 ரக விமானம் ஒன்று இறங்க வருகிறது, குறுக்கே வெட்டும் இன்னொரு ஓடுதளத்தின் முனையில் ஒரு கிங் ஏர் நிற்கிறது, அதன் பின்னால் ஒரு சின்ன செரோக்கி. இறங்க வருகிறவர்கள் நீங்கள் நிற்கப் போகிறீர்களா, கிளம்பப் போகிறீர்களா என்று கேட்டார்கள். நிற்கிறோம் என்கிற மாதிரி ஒரு பதில் வந்தது, ஆனால் பதில் சொன்னவர் பின்னால் இருந்த செரோக்கிக்காரர். அந்தப் பதிலின் ஒரு பகுதியை விமானத்துக்குள் ஒலித்த எச்சரிக்கைக் குரல் வேறு மறைத்துவிட்டது. கிங் ஏர்தான் சொன்னது என்று நம்பி இவர்கள் இறங்கினார்கள், கிங் ஏரோ ரேடியோவில் எதுவும் சொல்லாமல் ஓட ஆரம்பித்திருந்தது. இரண்டு விமானத்திலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள். செரோக்கிக்காரர் உதவி செய்யத்தான் வாயைத் திறந்தார் என்பதை நினைத்தால் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

இதை வைத்துப் பார்க்கும்போது, போர் விமானி மாதிரி வார்த்தைகள் பேசுகிறவர்களைக் கிண்டல் செய்வதிலெல்லாம் எனக்கு ஆர்வமில்லை. பேசிவிட்டுப் போகட்டும், ஆள் யார், எங்கே, என்ன செய்யப் போகிறார் என்பது புரிந்தால் போதும். ரேடியோவிலேயே வாத்தியார் வேலை பார்க்கிறவர்தான் தாங்க முடியவில்லை. ஒரு மாணவர் தடுமாறி ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டால், உடனே பட்டனை அழுத்தி அரை நிமிடம் வகுப்பு எடுப்பார். அந்த அரை நிமிடத்தில் ஃபைனலில் இருப்பவர் தன்னை அறிவிக்க முடியாது. 121.5 மெகாஹெர்ட்ஸிலும் இதே கதைதான். அது ஆபத்து அலைவரிசை. யாராவது தெரியாமல் அதில் பேசிவிட்டால் நாலு பேர் போட்டி போட்டுக்கொண்டு கத்துவார்கள், அமெரிக்க வானத்தில் பூனை மாதிரி மியாவ் என்று கத்துகிற பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். விழுந்த விமானத்திலிருந்து தானாகச் சத்தம் அனுப்பும் அவசரக் கருவிகளும் முன்பு இதில்தான் இயங்கின. 2009 பிப்ரவரி முதல் செயற்கைக்கோள்கள் 121.5-ஐக் கேட்பதில்லை, புதிய கருவிகள் 406 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விட்டன. பழைய அவசரக் கருவி பொருத்திய விமானம் எங்காவது விழுந்தால் அந்தச் சத்தத்தைப் பிடிக்கப் பெரும்பாலும் மேலே பறந்துகொண்டிருக்கும் இன்னொரு விமானியின் காதுதான் இருக்கிறது. மியாவ் தொல்லை தாங்காமல் அவர் ஒலியைக் குறைத்து வைத்திருந்தால்?

ரேடியோவே இல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1940-களின் பைப்பர் கப் மாதிரிப் பழைய விமானங்களில் மின்சார அமைப்பே கிடையாது. டவர் இல்லாத பல இடங்களில் ரேடியோ இல்லாமல் பறக்கச் சட்டம் அனுமதிக்கிறது. இவர்களைத் திட்டுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு இவர்கள் மேல் கோபமே வருவதில்லை. முழு சர்க்யூட்டையும் மெதுவாக, எல்லோருக்கும் தெரியும்படி சுற்றி, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வருவார்கள். தனக்குக் காது இல்லை என்று தெரிந்த ஆள் கண்ணை நன்றாகப் பயன்படுத்துகிறார். எல்லாக் கருவியும் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டு வருகிறவர்தான் கவலை. மற்ற விமானங்கள் அனுப்பும் சமிக்ஞையை வைத்து அவற்றைப் புள்ளிகளாகக் காட்டும் ஏடிஎஸ்-பி திரையில் புள்ளி இல்லை என்றால் வானத்திலும் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார். அந்தக் கப் அவர் திரையில் வரவே வராது.

தரை விஷயங்கள். ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகையின் கதவு திறந்திருக்கும்போது வாலை அந்தப் பக்கம் திருப்பி எஞ்சினை முறுக்குகிறவர்களுக்கு என்ன சொல்வது, ப்ரொப்பல்லர் காற்றில் மண்ணும் கல்லும் உள்ளே நிற்கும் விமானத்தின் மேல் கொட்டும், கதவு மடங்கும், பின்னால் கட்டாமல் நிற்கும் விமானம் அசையும். திரும்பி ஒரு தடவை பார்த்தால் தீர்ந்தது. பெட்ரோல் பம்ப் முன்னால் விமானத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறவர், குழாயைச் சுருட்டி வைக்காமல் போகிறவர், இரவில் பளிச் பளிச்சென்று மின்னும் விளக்கை எதிரே நிற்பவர் முகத்தில் அடித்துக்கொண்டே நகர்கிறவர், இவர்களைப் பற்றிப் பேசிப் பலனில்லை. டாங்கியிலிருந்து சோதனைக்கு எடுத்த பெட்ரோலைத் தரையில் வீசுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 100எல்எல் என்கிற அந்த நீல நிற விமானப் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கிறது. பிடித்து வைக்க ஒரு டப்பா போதும்.

அடுத்தவர் விமானத்தைத் தொடாதீர்கள், குறிப்பாக ப்ரொப்பல்லரை. படம் எடுக்கக் கையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். இந்த எஞ்சின்களில் பொறி தருவது மேக்னெட்டோ, அதற்கு பேட்டரி தேவையில்லை. சாவியை அணைப்பது என்றால் ஒரு கம்பி வழியாக மேக்னெட்டோவை விமானத்தின் உலோக உடலோடு 'எர்த்' செய்வதுதான், அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவி அணைந்திருந்தாலும் மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கும். லேசாகத் திருப்பினாலே ஒரு சுற்றுச் சுற்றிக் கையை எடுத்துவிடும்.

நாலைந்து பேர் சேர்ந்து ஒரே விமானம் வைத்திருந்தால் அது தனிக் கதை. மாஸ்டர் சுவிட்சை அணைக்காமல் போய் பேட்டரியைக் கொன்றவர், டாங்கியைக் காலியாக வைத்துவிட்டுப் போனவர், சீட்டுக்கடியில் குப்பை. இதெல்லாம் வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் பழுதை எழுதி வைக்காமல் போவது வேறு வகை. பலமாக இறக்கியிருப்பார், பிரேக் ஒரு பக்கம் இழுத்திருக்கும், சொன்னால் தன் பெயர் கெடும் என்று நோட்டில் எழுதாமல் சாவியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அடுத்த நாள் காலையில் அதை எடுக்கிறவர் முன்சக்கரம் எப்படி இருக்கிறது என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். இந்தச் சங்கடத்துக்குக் காரணம் நாமும்தான். பெஞ்சில் உட்கார்ந்து வருகிற போகிற ஒவ்வொருவரும் இறங்குவதற்கு மார்க் போட்டுச் சிரித்தால் யார் வந்து "நான் பலமாக இறக்கிவிட்டேன், கொஞ்சம் பாருங்கள்" என்று சொல்வார்?

யாராவது உங்களுக்குக் குறுக்கே வந்தால் ரேடியோவில் சண்டை வேண்டாம். விலகுங்கள், மறுபடி சுற்றி வாருங்கள், இறங்கி, அவர் எஞ்சினை அணைக்கும்வரை காத்திருந்து நடந்து போய்ப் பேசுங்கள். "என்ன சார் இப்படிப் பண்றீங்க" என்று ஆரம்பிக்காமல், "டவுன்விண்டில் நான் இருந்தது உங்களுக்குத் தெரிந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். வாக்குவாதத்துக்குத் தயாராக வந்தவர்கூட இதற்கு யோசித்துத்தான் பதில் சொல்வார். பல நேரம் பார்த்தால் பக்கத்து ஊர் அலைவரிசையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருப்பத்தையும் பெயரோடு, ஊரோடு, இரண்டு தடவை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் வந்திருப்பார்.