ஜெனோவ குழந்தைன்னு சொல்லி தப்பிக்க விடாதீங்க

டிராகன் பால் சூப்பர் அனிமே இன்னும் முடிக்காதவங்க இதோட நிறுத்திக்கோங்க, கடைசி எபிசோட் வரைக்கும் ஸ்பாய்லர் இருக்கு. தி அவுல் ஹவுஸ் கார்ட்டூனோட கடைசியும் கொஞ்சம் வருது.

அனிமே குரூப்ல அடிக்கடி "யாரு ரொம்ப மோசமான வில்லன்"னு லிஸ்ட் போடுறாங்க, ஃப்ரீசா இருப்பான், செல் இருப்பான், ஜமாசு கண்டிப்பா இருப்பான், ஆனா எல்லா பிரபஞ்சத்துக்கும் ராஜாவான, பாக்க குழந்தை மாதிரி இருக்கிற ஜெனோ பேரு மட்டும் வரவே வராது. யாராவது கேட்டா உடனே "ப்ரோ அவர் குழந்தை ப்ரோ, அவருக்கு நல்லது கெட்டது தெரியாது"ன்னு ஒரு ஹார்ட் எமோஜியோட வந்துருவாங்க. எனக்கு இந்த பதில் ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. கொலை எண்ணிக்கையில பாத்தா இந்த சீரிஸ்ல அவர் பக்கத்துல யாரும் நிக்க முடியாது. முன்னாடி 18 பிரபஞ்சம் இருந்துச்சு, இவருக்கு ஒருநாள் மூட் சரியில்ல, 6 காலி, மிச்சம் 12. இத அழிவு கடவுள் பீரஸும் அவரோட ஏஞ்சல் விஸும் சும்மா பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போறாங்க. ஃப்ரீசா கிரகம் கிரகமா அழிச்சு வித்தான்னு நாம கொந்தளிச்சோம், இங்க ஒரு பிரபஞ்சத்துல எத்தன கிரகம், எத்தன உயிர், அதுல 6.

சரி, எண்ணிக்கைய வெச்சு மட்டும் ஒருத்தர கெட்டவர்னு சொல்ல முடியாதுதான், ஒத்துக்கிறேன். சுனாமி கூடத்தான் லட்சக்கணக்குல கொல்லுது, அத யாரும் பாவின்னு சொல்றதில்ல. ஆனா சுனாமிக்கு போர் அடிக்காது, ஃப்ரெண்டு வேணும்னு கேக்காது, நல்ல சண்டைய பாத்து குதிச்சு கை தட்டாது. ஜெனோ இது எல்லாம் பண்றார். அதனால "அவர் ஒரு இயற்கை சக்தி மாதிரி"ங்கிற வாதத்த இங்கயே ஓரமா வெச்சிடலாம்.

மிச்சம் இருக்கிறது "தெரியாது" வாதம். குரங்கு கையில் பூமாலைங்கிறாங்களே, அந்த மாதிரி, பிச்சுப் போட்டதுல குரங்கு மேல என்ன தப்புன்னு. இதுக்கு நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான். ஜெனோவுக்கு உண்மையிலேயே என்னதான் தெரியாது?

தனிமைன்னா என்னன்னு தெரியும். ஹீரோ கோக்குவ கூப்பிட்டு விட்டதே ஃப்ரெண்டு வேணும்னுதான். அவ்ளோ பெரிய அரண்மனை, எல்லாரும் நடுங்குறாங்க, விளையாட ஒருத்தர் இல்ல, அது அவருக்கு வலிக்குது. வாக்குன்னா என்னன்னு தெரியும், கோக்கு ஒரு ஃப்ரெண்ட கூட்டிட்டு வரேன்னு சொன்னத நம்பி காத்துட்டு இருந்தார். அதைவிட முக்கியமா தப்புன்னா என்ன, தண்டனைன்னா என்னன்னு தெரியும். பிரபஞ்சங்களுக்கு நடுவுல நடந்த டோர்னமெண்ட் ஆஃப் பவர் போட்டியில 6வது பிரபஞ்சத்து ஃபைட்டர் ஃப்ராஸ்ட் வெளியேறுனதுக்கு அப்புறம் உக்காந்திருந்த இடத்துல இருந்து ஃப்ரீசாவ தாக்கப் பாத்தான்ல, ரூல் மீறல்னு அந்த செகண்டே அவன ஒருத்தன மட்டும் அழிச்சாங்க. அந்த சீன நிறைய பேர் சிரிச்சுட்டே கடந்துட்டாங்க. எனக்கு அதுதான் இந்த கேஸ்லயே பெரிய சாட்சி. ரூல் இதுன்னு புரியுது, மீறுனது யாருன்னு புரியுது, பக்கத்துல இருக்கிறவன விட்டுட்டு அவன மட்டும் அழிக்கவும் தெரியுது. இதெல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் எந்த தப்பும் பண்ணாத ஒரு பிரபஞ்சம் "எங்கள விட்ருங்க"ன்னு அழுறப்ப மட்டும் திடீர்னு ஒண்ணும் தெரியாத பாப்பா ஆகிடுறாராம்.

அந்த டோர்னமெண்ட எடுத்துக்கோங்க. 12 பிரபஞ்சத்துல 4-க்கு மதிப்பெண் நல்லா இருக்குன்னு விலக்கு, மிச்ச 8, பிரபஞ்சத்துக்கு 10 பேர், மொத்தம் 80 ஃபைட்டர், 48 நிமிஷம், தோத்தா அழிவு. இதுல 10 பேர்தான் சண்டை போடுறாங்க, அவங்க தோத்தா வீட்ல தூங்கிட்டு இருந்தவங்க, நேத்து பொறந்தவங்க, டோர்னமெண்ட்னு ஒண்ணு நடக்குதுன்னே தெரியாதவங்க எல்லாரும் சேந்து போறாங்க. ஒபுனின்னு ஒருத்தர் ஞாபகம் இருக்கா, 10வது பிரபஞ்சம், கோக்கு பையன் கோஹன்கிட்ட தோத்தவர். அவர் பெண்டன்ட்ல குடும்பத்தோட படம் இருக்கும், கோஹன் அத பாத்துட்டு அப்படியே உறைஞ்சு நிப்பான். அந்தப் படத்துல இருக்கிறவங்க யாரோட சண்டை போட்டாங்க? அப்புறம் 6வது பிரபஞ்சம் போறப்ப அதோட அழிவு கடவுள் சம்பா தன் கூடப்பொறந்த பீரஸ பாத்து நாக்க நீட்டி கேலி பண்ணிட்டே மறைவான், எப்பவும் வம்பு இழுத்துட்டே இருக்கிற பீரஸ் முகம் அப்ப எப்படி மாறுதுன்னு பாருங்க. இது எல்லாம் நடக்குறப்ப மேல ரெண்டு ஜெனோவும் கையில டேப்லெட் மாதிரி ஒண்ண வெச்சுகிட்டு யாரு அவுட்னு பாத்துட்டு இருக்காங்க. முகம் மாறவே இல்ல. கைய நீட்டி மூடுறாங்க, முடிஞ்சது, சண்டை தொடருது.

ரெண்டு ஜெனோ எப்படி வந்தாங்கங்கிறதே தனி கொடுமை. எதிர்காலத்துல இருந்து உதவி கேட்டு வந்த டிரங்க்ஸோட உலகத்துல, மனுஷங்கள ஒழிக்கப் பாத்த ஜமாசு பிரபஞ்சத்தோடவே கலந்துட்டான், வேற வழி இல்லாம கோக்கு ஜெனோவ கூப்பிட அவர் குடுத்த பட்டன அமுக்குறான், எதிர்கால ஜெனோ வரார், சுத்திப் பாக்குறார், பிடிக்கல, அந்த உலகத்துல மிச்சம் இருந்தது எல்லாத்தையும் சேத்து துடைச்சு விட்டுடுறார். டிரங்க்ஸ் தன் வாழ்க்க முழுக்க எதுக்காக போராடினானோ அது போச்சு. அப்புறம் கோக்கு திரும்பிப் போய் அந்த வெறும் வெளியில தனியா நின்னுட்டு இருந்த ஜெனோவ கூட்டிட்டு வந்து இந்த ஜெனோவுக்கு ஃப்ரெண்டா குடுக்குறான், பேக்ரவுண்ட்ல ஜாலி மியூசிக். எழுதினவங்க இத காமெடியா எழுதிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் டிரங்க்ஸ் முகத்துக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் குடுத்திருக்கலாம்.

இப்ப "கடைசில ஜெயிச்ச ஆண்ட்ராய்டு 17 பரிசா கிடைச்ச ஆசைய கேட்டு எல்லாரையும் திரும்ப கொண்டு வந்துட்டான்ல"ன்னு ஒரு குரூப் வரும். வந்தாங்க, சந்தோஷம். அதுக்கு நன்றி ஆண்ட்ராய்டு 17-க்கு, ஜெனோவுக்கு எதுக்கு? ஜெயிச்சவன் நல்ல ஆசையா கேப்பான்னு முதல்லயே எதிர்பாத்தாங்களாம், சுயநலமா கேட்டிருந்தா எல்லாத்தையும் மொத்தமா அழிச்சிருப்பாங்களாம், அதாவது இது ஒரு பரீட்சையாம். என்னங்க பரீட்சை இது, ஒருத்தன் ஒரு நிமிஷம் சபலப்பட்டு தனக்குன்னு ஏதாவது கேட்டிருந்தா மிச்சம் இருந்ததும் காலியா? அத கருணைன்னு சொல்றவங்க மேல எனக்கு கோவம் கூட வரல, ஆச்சரியமா இருக்கு. தப்பிச்சது 17-ஓட நல்ல மனசால, அத பரீட்சை வெச்சவர் கணக்குல எழுதக் கூடாது.

இங்க டிராகன் பால் Z-ல வர மந்திர அசுரன் மாஜின் பூவ கொண்டு வரேன், ஏன்னா குழந்தை மனசுங்கிற வாதத்துக்கு உண்மையிலேயே தகுதியான ஆள் அவன்தான். அந்த குண்டு பூவ சொல்றேன். மனுஷங்கள மிட்டாயா மாத்தி தின்னான், ஊர் ஊரா அழிச்சான், சிரிச்சுட்டே பண்ணான். ஆனா கண்ணு தெரியாத ஒரு பையன் பயப்படாம பேசினப்ப குழம்பிப் போனான், கால் அடிபட்ட நாய்க்குட்டிய குணப்படுத்தினான், அது ஓடாம அவன்கிட்டயே வாலாட்டிட்டு வந்தப்ப சந்தோஷப்பட்டான். அப்புறம் மிஸ்டர் சாத்தான், ஒரு சாதா மனுஷன், பவர் ஒண்ணும் கிடையாது, பொய் பேசி பேர் வாங்கினவன், அவன்தான் முதல் தடவையா "ஏன் கொல்ற"ன்னு கேக்குறான். அவன எழுப்பிவிட்ட மந்திரவாதி பாபிடி சொன்னான், ஜாலியா இருந்துச்சு, அதான் பதில். அது தப்புன்னு சாத்தான் சொல்றான். சரி, இனிமே கொல்லலன்னு பூ சொல்றான். அவ்ளோதான்! அவ்ளோ அழிவு நடந்ததுக்கு அப்புறம் அவன நிறுத்தினது ஒரு வாக்கியம். இதுக்கு முன்னாடி யாருமே அவன்கிட்ட அத சொன்னதில்ல. பண்ணது கொடூரம், ஆனா பண்ணவன் கெட்டவன் இல்லன்னு இவனப் பத்தி மனசார சொல்லுவேன்.

அவுல் ஹவுஸ் கலெக்டரும் இதே ஜாதிதான், அவனும் சின்னப் பையன் மாதிரி இருக்கிற சர்வ வல்லமை, நிலாவ நகத்துவான், மக்கள பொம்மையாக்கி விளையாடுவான், விரலால ஒரு சுண்டு சுண்டி வில்லன் பெலோஸ சுவத்துல அப்பிவிட்டான். ஆனா அந்தக் கதைய எழுதினவங்க ஒரு விஷயத்துல ஓடி ஒளியல. அன்பும் மன்னிப்பும்தான் வழின்னு ஹீரோயின் லுஸ் சொல்லிக் குடுத்ததும் அவன் அத அப்படியே எடுத்துட்டுப் போய் பெலோஸ்கிட்ட பாவம் போல நட்பா நிக்கிறான், பெலோஸ் திருப்பி அடிக்கிறான், குறுக்க வந்த லுஸ் அவன் கண்ணு முன்னாடியே போறா. அப்பத்தான் அவனுக்கு சாவுன்னா என்னன்னே உறைக்குது. உடைஞ்ச பொம்மைய ஒட்டுற மாதிரி ஒட்ட முடியாதுன்னு. அந்த முகம் இருக்கே, அத அனிமேட் பண்ணவங்க கைய பிடிச்சு குலுக்கணும்.

என் அளவுகோல் இதுதான். குழந்தை மனசோட இருக்கிற ஒரு சாமி எவ்ளோ கெட்டவன்னு பாக்கணும்னா அவன் பண்ணத எண்ணாதீங்க, "வேணாம், வலிக்குது"ன்னு ஒருத்தர் சொன்னதுக்கு அப்புறம் என்ன பண்றான்னு பாருங்க. பூ நிறுத்தினான். கலெக்டர் லேட்டா நிறுத்தினான். ஜெனோ முன்னாடி 9வது பிரபஞ்சம் கதறுச்சு, கண்ணீர் விட்டுச்சு, கை மூடுச்சு. அதுக்கப்புறமும் ஒவ்வொண்ணா கதறக் கதற அதே கை.

ஆனா ஒரு நியாயம் சொல்லணும், கதறுனாங்களே ஒழிய யாரும் அவர்கிட்ட உக்காந்து இது தப்புன்னு சொல்லல. சொல்ல வேண்டியவங்க யாரு? ஜெனோவோட வலது கை, ஏஞ்சல்ஸுக்கெல்லாம் தலைவர், கிராண்ட் பிரீஸ்ட். அந்தாளுக்கு எல்லாம் தெரியும், புத்தி இருக்கு, பக்குவம் இருக்கு, சக்தியும் இருக்கு, எப்பவும் பக்கத்துலயே நிக்கிறார், வாயத் திறந்தா ரூல்ஸ் மட்டும்தான் வாசிக்கிறார். பிரபஞ்சம் போனாலும் ஏஞ்சல்ஸுக்கு ஒண்ணும் ஆகாது, 9வது போறப்ப அதோட ஏஞ்சல் மோஹிட்டோ சிரிச்ச சிரிப்ப மறக்க முடியுமா. அழிவு கடவுள்கள் பயந்து கும்பிடுறாங்க, அத கூட புரிஞ்சுக்கலாம், உயிர் பயம். பயப்பட வேண்டாதவர் சும்மா இருக்கிறத எப்படி புரிஞ்சுக்கிறது? அந்த வீட்ல குழந்தைய குழந்தையாவே வெச்சிருக்கிறது யாருக்கு வசதின்னு யோசிச்சா எனக்கு முதுகு சில்லுங்குது.

அடுத்து கோக்கு. 11வது பிரபஞ்சத்து ஃபைட்டர் டாப்போ அவன கெட்டவன்னு திட்டினது அநியாயம்தான், ஏன்னா டோர்னமெண்ட் எப்பன்னு கோக்கு வாய விடலன்னாலும் ஜெனோ பிரபஞ்சங்கள குறைக்கிற எண்ணத்துலதான் இருந்தார். ஆனா ஜெனோகிட்ட சமமா கை குலுக்கி பேசுற ஒரே ஆள் கோக்கு, அவர் ஃப்ரெண்டுன்னு ஏத்துகிட்ட ஒரே ஆள். மிஸ்டர் சாத்தான் பூகிட்ட சொன்ன அந்த ஒரு வாக்கியத்த சொல்ற இடத்துல நின்னவன், சண்டை எப்ப ஆரம்பிக்கும்னு கேட்டுட்டு இருந்தான். கோக்கு ஃபேன்ஸ் கமெண்ட்ல வாங்க, பரவால்ல.

ஆக என் தீர்ப்பு, ஜெனோ ஃப்ரீசா அளவுக்கு கெட்டவர் இல்ல. ஃப்ரீசாவுக்கு நீங்க துடிக்கணும், துடிக்கிறத அவன் பாக்கணும், அதுல ருசி. ஜெனோவுக்கு அந்த ருசி கிடையாது, அடுத்தவன் துடிக்கிறது அவர் கண்ணுல படுறதே இல்ல. ஆனா படாம இருக்கிறது கண்ணு இல்லாததால இல்ல, தன் தனிமைய பாக்க அந்தக் கண்ணு நல்லாவே வேலை செய்யுது. அதனால 10-க்கு 5 போடுவேன், பூவுக்கு 2, கலெக்டருக்கு 3, ஜமாசுவுக்கு 9, கிராண்ட் பிரீஸ்டுக்கு 8 போட்டுட்டு இன்னும் கூட்டலாமான்னு யோசிச்சுட்டு இருக்கேன். ஜெனோவோட 5-ல மாத்தம் வரணும்னா யாராவது ஒருத்தர் அவர் மூஞ்சிக்கு நேரா "முடியாது"ன்னு சொல்ற மாதிரி ஒரு எபிசோட் வரணும், அதுக்கப்புறம் குறைக்கிறதா கூட்டறதான்னு பாத்துக்கலாம். அதுவரைக்கும் "பாவம் குழந்தை"ன்னு கமெண்ட் போட வரவங்க ஃப்ராஸ்ட் சீன ஒரு தடவ மறுபடி பாத்துட்டு வாங்க, பேசலாம்.