மட்டையும் மணலும் இருந்தால் தொடங்கலாம்

இலங்கையின் வன்னியில் ஒரு சின்னப் பாடசாலைக்கு உதவ விரும்புகிறோம் என்று வெளிநாட்டிலிருந்து யாராவது கேட்டால், எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது கொம்பியூட்டர்தான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரம் 3, 4 பிள்ளைகளுக்குக் கணினி அறிவியலைத் தொடங்க அது தேவையே இல்லை. ஒரு திரையைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நின்றால் ஒருவர் கையில்தான் மவுஸ் இருக்கும்.

நியூசிலாந்தில் ரிம் பெல் என்ற கணினி அறிவியல் பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் கணினியைத் தொடாமலே அதைப் படிப்பிக்கும் செயற்பாடுகளை 1990களில் உருவாக்கினார்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஐந்து மட்டைகள் போதும். பழைய கலண்டர் மட்டையை வெட்டி 16, 8, 4, 2, 1 என்று புள்ளி வைத்து, ஐந்து பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்கொன்று கொடுங்கள். புள்ளி தெரிந்தால் 1, மூடியிருந்தால் 0. "பத்தொன்பது காட்டுங்கோ" என்றால் 16, 2, 1 மூன்றும் திறக்கும். எழுதினால் 10011. கணினிக்குள் எண்கள் இருக்கிற விதம் இதுதான்.

நிறையப் பேர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பாடமே இதற்குப் பிறகுதான் இருக்கிறது. ஒரேயொரு புள்ளி உள்ள மட்டையைத் திறக்கவே கூடாது என்றால் எந்த எண்களைக் காட்டலாம்? கொஞ்ச நேரம் சத்தம் போட்டுவிட்டு, இரட்டை எண் மட்டும்தான் வரும் என்று அவர்களே பிடித்துவிடுவார்கள். எல்லாம் திறந்தால் 31. அப்போ 32க்கு? "இன்னொராள் வேணும் ரீச்சர்!" சரி, அவர் கையில் எத்தனை புள்ளி? இந்தக் கேள்விகளை விட்டால் அது வெறும் விளையாட்டு. விடையை ரீச்சரே சொல்லிவிட்டால் அதுவும் இல்லை.

இன்னொரு செயற்பாடான வரிசைப்படுத்தலுக்கு மைதானம் போதும். கிளித்தட்டுக்குக் கீறுவதுபோல மணலில் கோடும் வட்டமும் கீறி, ஆறு பிள்ளைகளை ஆளுக்கோர் எண்ணோடு நடக்க விடுங்கள். வட்டத்தில் சந்திக்கும் இருவரில் சிறிய எண் இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். கோடுகளைச் சரியாகக் கீறியிருந்தால் கடைசியில் எல்லோரும் ஏறுவரிசையில் நிற்பார்கள். அப்புறம் கேளுங்கள்: முடிந்த பக்கத்திலிருந்து தொடங்கித் திரும்பி நடந்தாலும் இப்படி வருமா?

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இருக்கும்போது இதற்கு எங்கே நேரம் என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் இரட்டிப்பது, கூட்டுவது, ஏறுவரிசை எல்லாம் கணித பாடம்தானே. தனிப் பாடவேளை தேடத் தேவையில்லை.

வேண்டியது, ரீச்சர்மார் ஒருமுறை தாங்களே மட்டையைப் பிடித்து நின்று பார்ப்பது. துணுக்காய், மடு போன்ற கல்வி வலயங்களில் ஆரம்பப் பிரிவு ஆசிரிய ஆலோசகர்கள் ஓர் அரைநாள் ஒதுக்கினால் செய்யலாம். உதவ விரும்புகிறவர்கள் முதலில் அந்த அரைநாளின் பஸ் காசையும் சாப்பாட்டையும் பொறுப்பெடுங்கள்.