ஒயர் கூடையும் நல்ல பரிசுதான்

கையால் செய்யும் பரிசுகளைப் பற்றி வந்த கட்டுரை ஒன்றில், அலங்காரப் பொருள்களையே கட்டுரையாளர் முதன்மைப்படுத்தியிருக்கிறார். பெறுபவர் அன்றாடம் கையாளும் பொருளே மேலானது என்பது என் கருத்து. தமிழ்நாட்டு வீடுகளில் பின்னப்படும் ஒயர் கூடை அதற்குத் தக்க சான்று. சிவன் கண், நெல்லிக்காய் என எந்தப் பின்னலைத் தேர்ந்தாலும், அடிப்பாகத்தின் முதல் வரிசைகளை ஒரே இறுக்கத்தில் போடாவிட்டால் கூடை கோணிக்கொண்டு நிற்கும். அதைவிட முக்கியமானது கைப்பிடியின் நீளம்: சந்தைக்குச் செல்லும் அத்தைக்கு, கூடை நிறைந்தாலும் தரையில் உரசாதபடி குட்டையாகவும், தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் செல்லும் தோழிக்கு நீளமாகவும் அமைக்க வேண்டும். மிஞ்சும் ஒயர் நுனிகளை உட்புற முடிச்சுகளுக்குள் செருகிவிட்டால் புடவை நூலை இழுக்காது (பலர் இதைக் கவனிப்பதில்லை). ஒருவருடைய உயரத்தையும் பழக்கத்தையும் பார்த்துப் பின்னிய கூடை கடையில் கிடைப்பதில்லை.