மலை ரயிலுக்கு யார் பொறுப்பு?

"ஊட்டி ரயில் யுனெஸ்கோவுக்குப் போய்விட்டது, இனி பாதுகாப்பும் அவர்கள் பொறுப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. 2005-இல் கிடைத்தது உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அங்கீகாரம் மட்டும்தான். கல்லாறு முதல் குன்னூர் வரை செங்குத்தான ஏற்றத்தில் ரயில் வழுக்காமல் ஏற உதவும் பல்சக்கரத் தண்டவாளத்தைப் பராமரிப்பது தெற்கு ரயில்வே.

மேற்பார்வைக்கு ரயில்வே பாதுகாப்பு ஆணையர் இருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார்! ரயில்வே தன் விபத்தைத் தானே விசாரிக்கக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. 1989 ரயில்வே சட்டப்படி, பயணி உயிரிழக்கும் ரயில் விபத்தை விசாரிப்பதும், புதுப் பாதையில் பயணிகள் ரயில் ஓடுவதற்கு முன் ஆய்வு செய்வதும் இவர் வேலை. சரி, அந்த ஆணையர்களும் ரயில்வேயிலிருந்து வந்த அதிகாரிகள்தானே என்று கேட்டால், அது நியாயமான கேள்வி.