பிரேக் பேடில் எண்ணெய் விடாதீர்கள்

"கார் பிரேக் கீச்சிடுகிறதா? பேடில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், சத்தம் போய்விடும், புது பேடு செலவு மிச்சம்" என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு, ஆபத்தும்கூட.

சத்தம் போகும் என்பது பாதி உண்மைதான். கூடவே பிரேக்கும் போய்விடும்! சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வட்டத் தகடான டிஸ்க்கைப் பேடு இறுக்கி உரசுவதால்தான் வண்டி நிற்கிறது. எண்ணெய் பட்டால் அந்த உராய்வு குறைந்துவிடும். பேடு எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் துடைத்தாலும் பழையபடி ஆகாது. அதை மாற்றத்தான் வேண்டும்.

பல பேடுகளில் ஒரு சிறு உலோகத் தகடு இருக்கும். பேடு தேய்ந்து சில மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சும்போது அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். அதாவது, அந்தச் சத்தமே எச்சரிக்கை மணி. கிரீஸ் தடவும் வழக்கம் உண்டு, ஆனால் பேடின் முதுகுப் பக்கத்திலும் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) பின்களிலும் மட்டும், அதுவும் பிரேக்குக்கென்றே வரும் கிரீஸ். எங்கே தடவலாம், எவ்வளவு தேய்ந்தால் மாற்றலாம் என்பதை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் பார்க்கலாம்.

செலவுதான் கவலையா? சரி, கம்பெனி பேடு கட்டாயமில்லை. பெட்டியில் ஈசிஇ ஆர்90 (ECE R90) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அசல் பேடுக்கு நெருக்கமாக வேலை செய்கிறதா என்று சோதித்துத் தரும் அங்கீகாரம் அது. நீங்களே மாற்றினால் இரு பக்கச் சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். அப்புறம், வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை சில முறை மிதியுங்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.