அப்பாரு எழுதி வெச்ச பத்திரம்

எங்க அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது. தொண்ணூறைத் தாண்டிய கல்யாணச் சாவு. கேதத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பெருமை சொன்னார்கள். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் நடையைப் பார்த்தே காளையின் வயதைச் சொல்வார், வீட்டுக்கு வந்தவரை மோர் குடிக்காமல் அனுப்ப மாட்டார், ஊரில் முதலில் பூச்சிக்காளை (இனவிருத்திக்கு விடுகிற காளை) வளர்த்தவர் என்றெல்லாம். எல்லாம் உண்மை. ஆனால் அவர் செய்ததிலேயே பெரிது என்று நான் நினைப்பதை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு மகன்களுக்கும் இரண்டு மகள்களுக்கும் நிலத்தைச் சமமாகப் பிரித்து எழுதிவைத்தார். அதுவும், அப்படி எழுதவேண்டும் என்று சட்டம்கூடச் சொல்லாத காலத்தில்.

காங்கேயம் பக்கத்துப் பூமி தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும். கொஞ்சம் மேட்டுக்காடு, கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், ஒரே ஒரு கிணற்றை நம்பிய தோட்டம். அவ்வளவுதான் எங்கள் பண்ணயம். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் எங்கள் பக்கம் கடைமடை. நாலு மண்டலமாகப் பிரித்து முறைவைத்து விடுகிற தண்ணீர் இங்கே வந்துசேர்வதற்குள் பாதி காணாமல் போயிருக்கும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, அடுத்த ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததே, அந்த வருசம் கிணற்றில் பாறைதான் தெரிந்தது. வெள்வேல நெற்றையும், போரில் மிச்சமிருந்த சோளத்தட்டையும் வைத்தே கட்டுத்தரை மாடு ஒன்றையும் விற்காமல் காப்பாற்றினார். இப்படிப் பிடித்துப் பிடித்துச் சேர்த்த நிலத்தில் பங்கு என்றால் இங்கே அண்ணன் தம்பிக்குள்ளேயே வெட்டுப்பழி வரும். மகளுக்குக் கொடுப்பது பற்றிப் பேச்சே எழாது. நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, கணக்கு முடிஞ்சது.

பாகம் பிரித்தது தொண்ணூறுகளின் கடைசியில். குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு அப்போதே சட்டம் போட்டிருந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று போட்ட தீர்மானம், அறுபது வருசம் கழித்து 1989-இல் சட்டமானது. ஆனால் அந்த வருசம் மார்ச் 25-க்கு முன்பே கல்யாணமாகிப் போன பெண்களுக்கு அதில் இடமில்லை. என் அத்தைகள் இருவரும் அதற்கு வெகு முன்பே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். பத்திரம் எழுதுபவர் இதை எடுத்துச் சொல்லி, "உங்க பொண்ணுகளுக்கு இதுல பாத்தியதை இல்லீங்க" என்றாராம். அப்பாரு சொன்ன பதிலை அப்பா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்: "சட்டம் இல்லைங்குது. நான் இருக்குதுங்கறேன். எழுதுங்க."

எழுத மகன்கள் இருவரும் சம்மதிக்க வேண்டும். அப்பா உடனே சம்மதித்துவிடவில்லை. சித்தப்பா சில மாதம் வீட்டில் கை நனைக்கவில்லை. உறவுக்காரர்கள் வந்து, மாப்பிள்ளைகள் நாளைக்கே விற்றுவிட்டுப் போவார்கள், வேற்றாள் உள்ளே வருவான் என்று பயம் காட்டினார்கள். அப்பாரு யாரோடும் சண்டை போடவில்லை, பத்திரத்தையும் தள்ளிப்போடவில்லை. கடைசியில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் அவரைக் கும்பிடுவது இதற்கும் அடுத்த படிக்கு. மகளுக்குப் பங்கு கொடுக்கிற ஒன்றிரண்டு வீடுகளில்கூட என்ன நடக்கிறது? வண்டித்தடம் இல்லாத மூலையாகப் பார்த்து எழுதுவார்கள். கிணற்றில் பங்கு இருக்காது. அண்ணன் வரப்பைத் தாண்டித்தான் தன் காட்டுக்கே போகமுடியும் என்றால் அந்தப் பெண் எத்தனை வருசம் போவாள்? கேட்ட விலைக்கு அண்ணனுக்கே கொடுத்துவிட்டு வருவாள். அப்பாரு சர்வேயரைக் கூட்டிவந்து நான்கு பாகத்துக்கும் ரோட்டிலிருந்து தடம் விட்டார். கிணறும் கரண்ட் சர்வீசும் நால்வருக்கும் பொது, மோட்டார் ஓட்டுவது முறைவைத்து, யார் முறை எந்த நாள் என்பது வரை பத்திரத்தில் இருக்கிறது. பட்டாவையும் உட்பிரிவு செய்து அவரவர் பேருக்கு மாற்றி வாங்கிய பிறகுதான் ஓய்ந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த மனிதர், தான் இல்லாத காலத்தில் என்னென்ன தகராறு வரும் என்று யோசித்து எழுதவைத்த பத்திரம் அது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆத்தா, அதாவது அவர் மனைவி, பேரில் அவர் ஒரு சென்ட்கூட எழுதவில்லை. அந்தக் கட்டுத்தரையில் அவரைவிட அதிக நேரம் உழைத்தது ஆத்தாதான். அப்பாருவை எவ்வளவு மதித்தாலும் இதை என்னால் விட்டுக்கொடுத்துப் பேச முடியாது.

இன்று சட்டம் எங்கேயோ போய்விட்டது. 2005-இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தம், கல்யாணமான மகளுக்கும் சம உரிமை கொடுத்தது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்கத் தேவையில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்துப் பத்திர ஆபீஸ் வாசலில் போய் நின்று பாருங்கள். அப்பனுக்குக் கருமாதி முடிந்த கையோடு அக்கா தங்கைகளைக் காரில் கூட்டிவந்து, பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதுகிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அழுது வீங்கிய முகத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டு, ரேகை வைத்துவிட்டு, ஒரு பட்டுச்சேலையோடு அந்தப் பெண்கள் திரும்பிப் போகிறார்கள். மறுத்தால் பிறந்த வீட்டு வாசல் மிதிக்க முடியாது என்ற பயம். அப்பனுக்கு ஊரெல்லாம் பிளெக்ஸ் வைத்துவிட்டு, அவர் மகளிடம் இப்படி எழுதி வாங்குவதை மரியாதை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பங்கு கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம். பெரியத்தை தன் பாகத்தை அப்பாவுக்கே குத்தகைக்கு விட்டிருக்கிறார். வருசா வருசம் பணம் கைக்குப் போகிறது. சின்னத்தை, மாமா இறந்தபிறகு முருங்கை வைத்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மோட்டார் முறையில் சின்னச் சின்ன உரசல் வரும், பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் தீர்ந்துவிடும். அன்றைக்குக் கை நனைக்காத சித்தப்பாதான் சின்னத்தை மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். இந்தத் தை மாதம் தன் பாகத்தையும் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாக எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். சித்தி பேரிலும் ஒரு பங்கு எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.