துப்பினால் போய்விடாது

"புகை இல்லை, சாற்றையும் துப்பிவிடுகிறோம், பிறகென்ன ஆபத்து?" என்று மெல்லும் புகையிலை போடுபவர்கள் நினைப்பது தவறு. புகையிலையை விழுங்க வேண்டியதே இல்லை. கன்னத்தில் அதக்கி வைத்தாலே நிக்கோட்டினும், நைட்ரோசமைன் எனும் புற்றுநோய்க் காரணிகளும் வாயின் மெல்லிய தோல் வழியாக உள்ளே போகும். கூடச் சேர்க்கும் சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி நிக்கோட்டினை இன்னும் வேகமாக ஏற்றுகிறது. அந்த இடத்தைப் புண்ணாக்கவும் செய்யும். அதனால்தான் வழக்கமாக ஒதுக்கும் பக்கத்திலேயே ஈறு இறங்குகிறது, வெள்ளைப் படலம் வருகிறது.

"புகையிலை போடாத வெறும் பாக்கு" என்பதும் தப்பிக்க வழியல்ல. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்தான். கன்னத்தின் உட்புறத்தை நார்போல இறுக்கி, வாயைத் திறக்கவிடாமல் செய்வதும் அதுதான். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கு இடையே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? காரம் பட்டால் எரிகிறதா? துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, 2 வாரத்தில் ஆறாத புண்ணோ இருக்கிறதா? வலி இல்லாவிட்டாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். (தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.) விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 கட்டணமில்லா எண்.